காலனித் தண்ணீர்

காலனியில் வாந்திபேதி பரவிக்கொண்டிருந்தது. கிருமி கலந்த குடிநீர்க் குழாயை மூட ஆணையிடுவது எந்தப் பிரிவு என்று பொதுச் சுகாதாரத் துறையின் பிரிவுத் தலைவர்கள் இயக்குநரின் அறையில் வழக்காடினர்.

“தண்ணீர் உங்கள் பிரிவு!” என்றார் தொற்றுநோய் அதிகாரி.

“பேதி உங்களுடையதாயிற்றே!” என்றார் நீராய்வு அதிகாரி.

தேநீர் பரிமாறிய பவுனம்மாளின் மகன் அதே நோயில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கோப்பைகள் உதடுகளை நெருங்கியபோது அவள் சொன்னாள்: “எங்க காலனிக் குழாய்த் தண்ணிங்க ஐயா. நல்லாக் கொதிக்க வெச்சேன்.”

கொதித்த நீரில் கிருமி வாழாதென்று ஊரெங்கும் சுவரொட்டி ஒட்டியவர்கள் அவர்கள். கோப்பைகள் மேசைக்குத் திரும்பின. தேநீரில் ஆடை படர்ந்தது.

“குடிங்கய்யா. இல்ல, குழாய மூடச் சொல்லுங்க.”

இயக்குநரின் கை, கோப்பைக்கும் தொலைபேசிக்கும் நடுவே நின்றது.