இரவல் குரல்

கதவைத் திறந்த மாப்பிள்ளையின் இடுப்பில் ஏப்ரன், கையில் கரண்டி.

"வாங்க மச்சான்! சத்தம் மட்டும் போட்டுடாதீங்க. மேடம் மீட்டிங்ல இருக்காங்க."

கப்பல்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. வருஷக்கணக்கில் கடலிலேயே கிடந்துவிட்டு, இப்போதுதான் தங்கை வீட்டுக்கு வருகிறார். யார் இந்த மேடம்?

மூடிய அறைக்குள்ளிருந்து தங்கையின் குரல் கேட்டது.

"யார் தப்புன்னு அப்புறம் பேசலாம். இப்ப யாரும் புதுசா எதையும் தொடாதீங்க. பழைய வெர்ஷனுக்கே திரும்பிடுங்க. கஸ்டமர்கிட்ட நான் பேசிக்கறேன்."

கப்பல்காரர் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். வீட்டிலேயே திரைச்சீலையும் தலையணை உறையும் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பெண். புது ஆள் யாராவது வந்தால் பேசவே தயங்குகிறவள்.

"என்ன வேலை பார்க்கறா மாப்பிள்ளை?"

"எங்க கம்பெனிக்கு டெக்னாலஜி ஹெட். நான் அவங்க டீம்லதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளை அடுப்பைப் பார்க்க ஓடினார்.

பொண்டாட்டிக்குக் கீழே வேலை. வீட்டில் சமையலும் இவரே. 'நல்லாத்தான் வேலை வாங்கறா' என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டார் கப்பல்காரர்.

சாப்பிடும்போது கேட்டே விட்டார். "நீ கம்ப்யூட்டரே படிக்கலையேம்மா! இது எப்படி?"

"நான் எங்கண்ணா பிளான் பண்ணினேன்? எல்லாம் இவர் தொண்டையில வந்த கட்டியால."

கட்டியை எடுத்த டாக்டர், வாயே திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் ஃபோனில் யார் பேசுவது?

"இவர் டைப் பண்ணுவார், நான் பக்கத்துல உக்காந்து அதை வாசிப்பேன். சர்வர்னா ஹோட்டல்ல பரிமாறுற ஆளுன்னுதான் எனக்கு அப்ப தெரியும்."

மாப்பிள்ளை சிரித்தார்.

"ஒருநாள் பார்சல் கம்பெனி மேனேஜர் ஒருத்தர் கத்தோ கத்துன்னு கத்தறார். லாரியெல்லாம் நிக்குது, எந்தப் பார்சல் எங்க போகணும்னே திரையில வரலைன்னு. இவர் 'தப்பு எங்க பக்கம் இல்லை'ன்னு டைப் பண்ணினார். நான் அதை வாசிக்கலை."

"பின்னே?"

"'தப்பு எங்களுதுதான் சார். முதல்ல லாரியைக் கிளப்ப வழி பார்ப்போமா?'ன்னேன். அந்த ஆள் அப்படியே அடங்கிட்டார். அதுக்கப்புறம் எப்ப கூப்பிட்டாலும், 'அந்த அம்மாவைப் பேசச் சொல்லுங்க'ன்னுதான் கேப்பார்."

"தப்பு நிஜமாவே உங்களுதா?"

"பாதி எங்களுது. இவர்தான் ஒத்துக்க மாட்டார்."

அந்தச் சமயத்தில் டீம் லீடர் வேலையை விட்டுப் போனாராம். அடுத்தது மாப்பிள்ளையின் முறை. முதலாளி வீட்டுக்கே வந்து, "அவருக்குக் குரல் வர்ற வரைக்கும் நீங்க நடத்துங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"குரல் வர ஒரு வருஷமாச்சு. அதுக்குள்ள இவரே எனக்கு எழுதி எழுதிப் பாடம் சொல்லிக்கொடுத்தார். நானும் விழுந்து விழுந்து படிச்சேன். அப்புறம் யாரும் என்னை அந்த நாற்காலியிலேர்ந்து எழுந்திருக்கச் சொல்லலை. படிப்படியா இங்க வந்து நிக்கறேன்."

கப்பல்காரருக்கு மாப்பிள்ளையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. போயும் போயும் ஒரு கட்டியால் பதவி போயிற்றே!

மறுநாள் கப்பல்காரருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மாப்பிள்ளை அவரைத் தன் டாக்டரிடமே அழைத்துப் போனார்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "பயப்பட ஒண்ணுமில்லை. ரெண்டு நாள் குரலுக்கு ஓய்வு கொடுங்க. உங்க மாப்பிள்ளை மாதிரி சொன்ன பேச்சைக் கேட்டா சீக்கிரம் சரியாயிடும். அவருக்கு நடந்தது பெரிய ஆபரேஷன்தான், ஆனா ரெண்டாவது மாசமே நல்லாப் பேச ஆரம்பிச்சுட்டாரே!"

கப்பல்காரர் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் கப்பல்காரர் அவர் கையைப் பிடித்தார். "ஒரு வருஷம் ஆச்சுன்னு அவ சொன்னாளே?"

மாப்பிள்ளை அவரை ஓரமாக அழைத்துப் போனார்.

"குரல் வந்துடுச்சுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, அவ திரும்பவும் தையல் மெஷின் முன்னால போய் உக்காந்திருப்பா மச்சான். எனக்கு புரோகிராம் எழுதத்தான் வரும். ஆட்களைக் கட்டி மேய்க்க வராது. அவளுக்கு அது தானா வந்தது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவ அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. இன்னும் கொஞ்ச நாள் கேக்கலாமேன்னு சும்மா இருந்துட்டேன்."

"பதவி போச்சே!"

"எங்க போச்சு? வீட்டுலதானே இருக்கு." சிரித்தவர், சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "தயவுசெஞ்சு அவகிட்ட சொல்லிடாதீங்க. நான் விட்டுக்கொடுத்ததாலதான் இந்த இடத்துக்கு வந்தோம்னு நினைச்சுடுவா."

வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை வெந்நீர் வைக்கப் போனார். தங்கை அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"ஒ... ஒண்ணுமில்லையே."

அவள் அண்ணன் முகத்தையே பார்த்தாள். "இவருக்கு ரெண்டே மாசத்துல குரல் வந்துடுச்சுன்னு சொல்லியிருப்பாரே?"

கப்பல்காரர் திகைத்துப் போனார். "உனக்கு எப்படித் தெரியும்?"

தங்கை சமையலறைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப ஒருநாள் ராத்திரி தூக்கத்துல கணீர்னு பேசினாருண்ணா. எழுப்பிக் கேக்கலாம்னு தோள்ல கையை வெச்சேன். மறுநாள் காலையில எனக்கு ஒரு மீட்டிங் இருந்தது. போர்வையை இழுத்து விட்டுட்டு, திரும்பிப் படுத்துட்டேன்."