பக்கத்து நாற்காலி

“தனியா உட்கார்ந்தா பாவமா பார்ப்பாங்கடி. பக்கத்து நாற்காலில பையை வெச்சுடு. ஃப்ரெண்டுக்கு இடம் பிடிச்சிருக்கேன்னு நினைச்சுப்பாங்க.”

“யாருமே வரலைன்னா அக்கா?”

“லீவு போட்டுட்டான்னு நினைச்சுப்பாங்க. உனக்கென்ன?”

விமான நிலையத்தில் வழியனுப்பும்போது அக்கா சொன்னபடியே வகுப்பில் செய்தாள் தங்கை. புது நாடு, புதுக் கல்லூரி. திங்கள் முதல் வியாழன் வரை அந்த நாற்காலியில் பைதான் பாடம் கேட்டது. வீட்டிலிருந்து போன் வந்தபோதெல்லாம், “நிறைய ஃப்ரெண்ட்ஸ்க்கா” என்றாள். மதியம் மாடிப்படிக்குக் கீழே நின்றபடி ரொட்டியைத் தின்று முடித்தாள்.

முன்வரிசைக் கண்ணாடிக்காரி மட்டும் தினமும் இரண்டு மூன்று தடவை திரும்பி அந்தப் பையைப் பார்த்தாள். இவள் புத்தகத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண்டுபிடித்துவிட்டாள். வகுப்பு முழுக்கச் சொல்லிச் சிரிக்கப் போகிறாள்.

வெள்ளிக்கிழமை, வகுப்பு தொடங்கும் முன் கண்ணாடிக்காரி எழுந்து நேராக இவளிடம் வந்தாள்.

“உங்க ஃப்ரெண்ட் இன்னிக்கும் வரலையா?”

“வ... வந்துட்டே இருக்கா.” பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“ஓ.”

இரண்டடி திரும்பி நடந்தவள், நின்றாள். மறுபடி வந்தாள்.

“எனக்கு இங்க யாரையுமே தெரியாது. திங்கட்கிழமையே கேக்கணும்னு நினைச்சேன், தைரியம் வரலை. உங்க ஃப்ரெண்ட் வர்ற வரைக்குமாவது... நான் இங்க உட்காரட்டுமா?”