எருக்கொட்டகைச் சாவி

வயலில் இறங்கிய வேளாண் அதிகாரிக்கு வாயெல்லாம் பல். நெற்பயிர் கரும்பச்சையாக நின்றது. கையில் அள்ளிய சேற்றில் மக்கிய எருவின் வாசம்.

“யூரியா பாதி, எரு பாதின்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். இப்பவாவது கேட்டீங்களேம்மா!”

“நான் யூரியா மட்டும்தான் சார் போட்டேன். எரு எங்க வீட்டுக்காரரு வேலை” என்றாள் அவள், வரப்பைவிட்டு இறங்காமல்.

“எருவைத் தவிர எதையும் வயல்ல போடவிடமாட்டேன்னு நின்ன மனுஷனா இறங்கி வந்தாரு?”

“எங்க சார்? அதே வீம்புதான். யூரியாவை முழு மூட்டையா எடுத்து வச்சா, காலையில பாதி குட்டையில கரைஞ்சு கிடக்கு. பாதி மட்டும் போட்டா, மீதிக்கு எருவைப் பரப்பி வச்சிடறாரு. முகம் கொடுத்து ஒரு வார்த்தை பேசறதில்ல.”

“நல்ல புருஷன் பொண்டாட்டி! எரு எவ்வளவு மிச்சம்னு பார்ப்போம், வாங்க.”

கொட்டகைப் பூட்டு துருவேறி, சாவித் துவாரத்தில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். எருக்குவியலில் பாதியைக் காணோம்.

“சாவி எங்கம்மா?”

“அது அவரு இடுப்பைவிட்டு இறங்கினதே இல்ல சார்” என்றவள் குரலைத் தாழ்த்தினாள். “போன அறுப்புக்கு அப்புறம், அவரை அதோடயே சேர்த்துத்தான் புதைச்சோம்.”