கருடன் காயும் நேரம்

மழை விட்டும் கருடன் எழும்பவில்லை.

தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு எதிரே, பட்டுப்போன முள்முருங்கையின் உச்சிக் கிளையில் உட்கார்ந்திருந்தது. வெள்ளைக் கழுத்து உடம்போடு ஒட்டிப்போயிருந்தது. இறக்கை நுனியிலிருந்து நீர் சொட்டியது.

"என்ன செய்யுது ஆயி?" என்று கேட்டார் பொன்னையா.

அவருக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. புது வேட்டி கட்டி, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு இஸ்தோப்புத் திண்ணைப் படியில் உட்கார்ந்திருந்தார். மகள் காளியாயிதான் அவருக்காக மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உக்காந்திருக்குப்பா. தெப்பமா நனைஞ்சிருக்கு."

கடல் தாண்டப் போகிறவர்கள், கருடன் வட்டமிடக் கண்டு கும்பிட்ட பிறகுதான் படி இறங்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் அது வழக்கம். கண் தெரியாதவருக்கு இன்னொருவர் பார்த்துச் சொன்னால் போதும்.

கீழே பாதையில் மாயாண்டி தகரப் பெட்டியோடு நின்றான். பொன்னையாவின் மூத்த மகன். அவன் மனைவியும் பிள்ளைகளும் முன்னாலேயே வட்டகொடை ஸ்டேசனுக்கு இறங்கிப் போயிருந்தார்கள்.

"தலைமன்னார்ல கப்பல் நிக்குது. இங்க இவரு கருடனுக்குக் காவல் இருக்காரு. துண்டு கொண்டுபோயி அதுக்குத் தலை துவட்டி விடட்டுமா?"

பக்கத்து வீட்டுக் காம்பராவில் யாரோ சிரித்தார்கள்.

காளியாயிக்கும் அவள் கணவனுக்கும் இந்த நாட்டுப் பிரஜை என்று பதிவு கிடைத்திருந்தது. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் கிடைக்கவில்லை; அக்கரைக்குப் போகத்தான் உத்தரவு. இன்றைய ரயிலை விட்டால் அவர்கள் இங்கே தங்கக் கொடுத்த தவணை தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு பொன்னையா, தான் பிறந்த லயத்திலேயே அனுமதியில்லாமல் தங்கும் கள்ளத்தோணி. பொலிஸ் எந்த நேரமும் வரலாம்.

அதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

தெரிந்தும், விடிந்ததிலிருந்து அவள் மழையைத்தான் வேண்டிக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் கொட்டும் பீலியடியில் மைனாக்கள் குளித்துக் கூச்சல் போட்டன. கூரைத் தகரத்தில் ஒரு காகம் வந்து உட்கார்ந்து, உடனே பறந்தது.

"காக்காயெல்லாம் கெளம்பிருச்சே. சத்தம் கேக்குது."

"காக்காய்க்கு என்னப்பா. ஒரு ஒதறு ஒதறிட்டுப் போயிரும். இதுக்கு எம்மாம் பெரிய றெக்க. ஒவ்வொரு எறகா காயணும்."

"தொரை பங்களா வாத்து மேல தண்ணியே ஒட்டாது."

"அது வாத்துப்பா."

"இதுவும் வாத்தாப் பொறந்திருந்தா மாயாண்டி சந்தோசப்பட்டிருப்பான்."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. காலையில் அவருக்கு வெந்நீர் வைத்து முதுகு தேய்த்த சீயக்காய் வாசம் இன்னும் அவள் கையில் இருந்தது.

மேகம் விலகி வெயில் விழுந்தது. கருடன் முதுகை வெயிலுக்குக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, இரண்டு இறக்கையையும் அகல விரித்தது.

"றெக்கையை விரிச்சு வச்சிருக்குப்பா. நான் கம்பளிய காயப் போடுவேனே, அந்த மாதிரி. இப்ப நெஞ்ச மூக்கால கோதுது. இப்ப வால."

மெதுவாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல, சொல்வதற்கு இன்னும் ஏதாவது இருக்க வேண்டும் என்று தேடினாள். அப்பாவோடு இவ்வளவு நேரம் இப்படி நின்று பேசி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

கருடன் இறக்கையை மடக்கியது. முன்னால் சாய்ந்தது.

கிளை ஆடியது. நீர் சிதறியது.

அது தேயிலைக்கு மேலே தாழ்ந்து, இரண்டு வீச்சில் உயர்ந்து, பிறகு இறக்கை அசையாமல் வட்டமிடத் தொடங்கியது. வெயிலில் அதன் முதுகு செம்மண்ணாக மின்னியது.

காளியாயி கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இப்ப?" என்றார் பொன்னையா.

"இன்னும் காயலப்பா."

கருடன் லயத்துக் கூரைக்கு நேர் மேலே வந்து கத்தியது. மெல்லிய, இழுத்த குரல். திரும்பவும் கத்தியது. கத்திக்கொண்டே சுற்றியது.

பொன்னையா முகத்தை நிமிர்த்தினார். குரல் ஆற்றுப் பக்கம் போனபோது முகமும் அந்தப் பக்கம் போனது. மலைப் பக்கம் வந்தபோது மலைப் பக்கம் திரும்பியது. வெளிறிய கண்கள் திறந்திருக்க, அவர் மோவாய் ஒரு முழு வட்டம் வந்தது.

கைகள் மட்டும் மூட்டையை விட்டு எழவில்லை.

மாயாண்டியும் அண்ணாந்து பார்த்தான். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் படியேறி வந்தான்.

காளியாயி தலையைக் குனிந்துகொண்டாள். இனி அவன் சொல்லிவிடுவான்.

"நீ சொல்லுடா மாயாண்டி," என்றார் பொன்னையா. முகம் இன்னும் மேலேதான் இருந்தது. "காஞ்சிருச்சா?"

தூரத்தில், நானுஓயாப் பக்கம், ரயில் ஊதியது.

மாயாண்டி இப்போது வானத்தைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்தான்.

"இல்லப்பா," என்றான். "ஈரந்தான். சொட்டுது."

ஈரப் படியில் முழங்கால் ஊன்றி அவர் காலைத் தொட்டான். எழுந்து, தங்கையின் தலையில் ஒரு கணம் கை வைத்தான். பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு தனியாக இறங்கினான். திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் காலடிச் சத்தம் தேய்ந்து முடியும்வரை பொன்னையா அசையவில்லை. பிறகு மூட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

தலைக்கு மேலே இரண்டு கைகளையும் கூப்பினார்.

"நல்லா வட்டம் போடுது ஆயி," என்றார். "அவனுக்கு நல்ல சகுனம்."