ரெண்டு ஜோடி பிரேக்

“ஏனுங்க, என் சைக்கிள்ல மட்டும் எதுக்கு ரெண்டு ஜோடி பிரேக்?”

கொல்லிமலை மேல் இருக்கும் செம்மேட்டில் வேனில் இருந்து ரேஸ் சைக்கிள்களை இறக்கும்போதுதான் நஸ்லின் அதைக் கவனித்தாள். ஆட்டுக்கொம்பு போல வளைந்த ஹேண்டில்பாரில், வழக்கமான பிரேக் இரண்டும் முன்னால் வளைவில் இருந்தன. அவற்றை எட்டிப் பிடிக்கக் குனிய வேண்டும். இப்போது மேலே, நேர்க்கம்பியிலும் புதிதாக இரண்டு முளைத்திருந்தன.

“நிமிர்ந்து உக்காந்துட்டே பிடிக்கலாம். இறக்கமாச்சே, உனக்கு வசதியா இருக்கும்” என்றான் அவள் கணவன் ஷாகிர்.

“உங்க சைக்கிள்ல காணோமே?”

“எனக்கு எதுக்கு?”

அந்த ‘எனக்கு எதுக்கு’தான் அவளைச் சுட்டது.

துறையூர்க் காலேஜில் சைக்கிள் ரேஸ் என்றால் கோப்பை நஸ்லினுக்குத்தான். சேந்தமங்கலத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் ஷாகிரைக் கட்டிக்கொண்ட பிறகு இப்போதுதான் மறுபடி சைக்கிளைத் தொடுகிறாள். கொல்லிமலையில் இருந்து சைக்கிளில் இறங்க வேண்டும் என்று நச்சரித்து, கணவனையும் இழுத்து வந்தவளே அவள்தான்.

கூட வந்த சைக்கிள் கோஷ்டிக்குத் தலைவர் அர்த்தனாரி. அவர் கண்ணில் அது படாமல் இருக்குமா?

“என்ன கண்ணு, வூட்டுக்காரர் நடைவண்டி பண்ணிக் குடுத்துட்டாரா?”

எல்லோரும் சிரித்தார்கள். ஷாகிரும் சேர்ந்து சிரித்தான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“கழட்டிருங்க” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

“கீழ போயிக் கழட்டிக்கலாம், வா.”

செத்தாலும் அதைத் தொடுவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு கிளம்பினாள் நஸ்லின்.

சோளக்காடு என்ற ஊரைத் தாண்டி இறக்கம் ஆரம்பித்தது. வளைவுக்கு வளைவு குனிந்தே வந்ததில் தோள்பட்டை கடுத்தது. கொஞ்சம் நிமிர்ந்தால் தேவலை என்று கைகளை மேல் கம்பிக்கு மாற்றினாள். காற்று முகத்தில் அடித்தது. கீழே சமவெளி மொத்தமும் பச்சையாக விரிந்து கிடந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே திரும்பினால், வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டு பஸ் ஒன்று ஏறி வந்துகொண்டிருந்தது!

குனிந்து பிடிக்க நேரமில்லை. சக்கரம் கிறீச்சிட்டு, தடுப்புச் சுவர் ஓரமாக நின்றது.

“பாத்து வாம்மா!” என்று கத்திவிட்டுப் போனார் கண்டக்டர்.

கையைப் பார்த்தாள். விரல்கள் மேல் பிரேக்கைத்தான் இறுக்கிப் பிடித்திருந்தன.

‘இதை மட்டும் அவருகிட்டச் சொல்லவே கூடாது. சொன்னா இன்னும் ரெண்டு மாட்டுவாரு!’

அதற்குப் பிறகு அவள் மேல் பிரேக்கை விடவில்லை. ராணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு பாட்டு மாற்றிப் பாடிக்கொண்டே அடிவாரத்தில் இருக்கும் காரவள்ளிக்கு வந்து சேர்ந்தாள்.

டீக்கடையில் அர்த்தனாரி மட்டும்தான் அவளுக்கு முன்னால் வந்திருந்தார். ஒவ்வொருவராக மற்றவர்களும் வந்தார்கள். ஷாகிரைக் காணோம்.

டீ ஆறியது. செல்போனில் கூப்பிட்டுப் பார்த்தாள். மலையில் சிக்னல் கிடைத்தால்தானே!

“யா அல்லா, எங்கயாச்சும் விழுந்து கெடக்கறாரோ?”

சைக்கிளைத் திருப்பி மேலே ஏறப் போனாள். அப்போதுதான் பலாப்பழ லாரி ஒன்று வந்து நின்றது. பழங்களின் உச்சியில், மடியில் சைக்கிளைக் கட்டிப்பிடித்தபடி ஷாகிர்!

டீக்கடையே அதிர்ந்தது.

“பொண்டாட்டிக்கு நடைவண்டி, தனக்கு லாரியா?” என்று கைதட்டிச் சிரித்தார் அர்த்தனாரி.

“பஞ்சருங்க” என்றான் ஷாகிர், யார் முகத்தையும் பார்க்காமல்.

ஆள் முழுசாக வந்து சேர்ந்துவிட்டார் என்றதும் நஸ்லினுக்குப் போன கோபம் திரும்பி வந்தது. ஷாகிர் முகம் கழுவப் போன நேரம், சைக்கிள் பக்கத்தில் குந்தி முன் டயரை அமுக்கினாள். கல் மாதிரி இருந்தது. பின் டயரை அமுக்கினாள். அதுவும் கல்.

வகையாக மாட்டினார்! ஊரறியச் சொல்லிவிட வாயைத் திறந்தாள்.

“தங்கச்சி, சொல்லிராத” என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தான் தவ்ஹீத். கோஷ்டியோடு வந்த சைக்கிள் கடைக்காரன். ஷாகிரின் கூட்டாளி. பிரேக் மாட்டியதும் அவன்தான்.

“பஞ்சர் இல்லீங்களேண்ணா!”

“தெரியும். இறக்கம்னா அவனுக்குச் சின்ன வயசுல இருந்தே பயம். நீ ஆசைப்பட்டேன்னுதான் வந்தான். அந்த மேல் பிரேக்கே அவன் தனக்குன்னு கோயமுத்தூர்ல சொல்லி வரவழைச்சது. ஒரே ஒரு ஜோடிதான் கெடச்சுது. மாட்டலாம்னு ஸ்பேனரை எடுத்தா, உன் சைக்கிளைக் கொண்டாந்து நிறுத்தறான்.”

“ஏனாம்?”

“‘பயம் வந்தா நான் லாரியில ஏறிக்குவேன். அவ ஏற மாட்டாடா’ன்னான்.”

நஸ்லின் நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை பேரும் கேலி பேச, ஷாகிர் சட்டையில் ஒட்டிய பலாப் பிசினைச் சுரண்டிக்கொண்டு, அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

அர்த்தனாரி பம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். “நகரு கண்ணு. பஞ்சரா, பயமான்னு நான் பாத்துச் சொல்றேன்.”

நஸ்லின் நகரவில்லை. முதுகால் சைக்கிளை மறைத்துக்கொண்டு, பின் சக்கரத்து வால்வைத் திருகினாள். ‘புஸ்’ஸென்ற சத்தத்தை ஒரு பெரிய இருமலால் அமுக்கினாள்.

“என்னத்தைங்கண்ணா பாக்கறீங்க?” என்று டயரைப் பிசைந்து காட்டினாள். “பாவம் மனுசன், பொட்டுக் காத்துகூட இல்லாம எப்படி ஓட்டுவாரு?”