ஓக் மரத்தடிப் பாட்டில்

"டெல்மர், அங்க என்ன பண்ற?"

ஓக் மரத்தடியில் மண்வெட்டியோடு நின்ற டெல்மர் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"எறும்பு, அண்ணி."

"எறும்பு பிடிக்க மண்வெட்டியா?"

"பெரிய எறும்பு" என்று இளித்தபடி மண்ணைக் காலால் மிதித்துச் சமப்படுத்திவிட்டு நழுவினான்.

வெர்னாவுக்குப் புரிந்துவிட்டது. கல்யாணத்தன்று மழை வராமலிருக்க, பெண்ணின் அப்பா ஒரு மாதம் முன்னதாகவே ஒரு பாட்டில் பர்பன் விஸ்கியைத் தலைகீழாகப் புதைத்து வைக்க வேண்டும். கென்டக்கியில் அது இல்லாமல் கல்யாணம் இல்லை. அவள் கணவர் ஹாலிஸ் புதைத்ததோ சாதாரண பாட்டில் அல்ல. மகள் லேசி பிறந்த வருஷம், கிடங்கில் அவரே உருட்டி வைத்த பீப்பாயின் சரக்கு.

கொழுந்தனின் தாகம் ஊரறிந்தது. வேறு நாளாக இருந்தால் அவனை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள்.

கல்யாண நாளான இன்று வாயை மூடிக்கொண்டாள். 'கடவுளே, அவன் மொத்தத்தையும் குடித்துத் தீர்த்திருக்கட்டும்' என்று வேண்டிக்கொண்டாள்.

ஹாலிஸ் குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வெர்னாவைத் தவிர யாருக்கும் தெரியாது. பீப்பாய்க் கிடங்கில் வேலை பார்ப்பவர் குடிப்பதில்லை என்றால் ஊர் சிரிக்கும் என்று அவருக்குக் கூச்சம். சம்பிரதாயப்படி, கல்யாணத்தன்று தோண்டி எடுக்கும் பாட்டிலில் முதல் கிளாஸ் பெண்ணின் அப்பாவுக்கு.

"வேணாம்னு சொல்லிடுங்களேன்" என்று காலையில்கூடக் கெஞ்சினாள்.

"எப்படிச் சொல்றது? லேசி முகத்தப் பாத்தியா? ஒரே ஒரு கிளாஸ், வெர்னா. ஐஸ் போட்டு, கொஞ்சம் தண்ணி விட்டு. அவ்வளவுதான்."

அவருடைய 'ஒரே ஒரு கிளாஸ்' எத்தனை நாள் நீளும் என்று வெர்னாவுக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து தோண்டினார்கள். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. லேசி பாட்டிலைத் தூக்கிப் பிடித்தாள்.

கழுத்து வரை நிறைந்திருந்தது.

வெர்னா கூட்டத்தில் டெல்மரைத் தேடினாள். 'பாவி, வேண்டாத நாளெல்லாம் குடித்தாய். வேண்டிய நாளில் விட்டுவிட்டாயே!'

சம்பந்தி ஹோபார்ட் பெரிய ஐஸ் கட்டியாகப் பார்த்துக் கிளாஸில் போட்டார். மேலே ஊற்றி, ஒரு கரண்டி ஊற்றுத் தண்ணீர் விட்டார்.

"தண்ணி பட்டாத்தான் சம்பந்தி வாசனை கண்ணைத் தொறக்கும். பிடிங்க!"

ஹாலிஸ் கிளாஸை வாங்கினார். ஐஸ் கிளாஸில் தட்டும் சத்தம் வெர்னாவுக்குக் கேட்டது.

"அப்பா, குடிங்கப்பா!" என்றாள் லேசி.

குடித்தார். முதல் மிடறிலேயே நின்றார். கண்களை மூடினார். பிறகு மடமடவென்று கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தார்.

வெர்னா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போயிற்று, எல்லாம் போயிற்று.

"எப்படி இருக்கு சம்பந்தி?"

"இவ்வளவு நல்லதா நான் எதையும் குடிச்சதில்ல" என்றார் ஹாலிஸ்.

ஹோபார்ட் ஆசையாகத் தன் கிளாஸை வாயில் கவிழ்த்தார். அடுத்த கணம் புல்லில் துப்பினார்.

"டீ! இது வெறும் டீ!"

கூட்டம் ஹாலிஸைத் திரும்பிப் பார்ப்பதற்குள் பின்வரிசையிலிருந்து டெல்மர் எழுந்தான்.

"நான்தாங்க. தாகம் தாங்கல. குடிச்சிட்டு டீயை ஊத்தி வெச்சேன்."

"பொண்ணு வயசுச் சரக்குய்யா அது! உனக்கு இருக்கறது தொண்டையா, சாக்கடையா?" என்று கத்தினார் ஹோபார்ட்.

"அண்ணன் நாசூக்கா மறைக்கப் பாத்தாரு. நீங்க துப்பிக் காட்டிக் குடுத்துட்டீங்க!" என்று யாரோ சொல்ல, கூட்டம் கொல்லென்று சிரித்தது. லேசி மட்டும் சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டாள்.

ஹாலிஸ் காலிக் கிளாஸை நீட்டினார். "இதையே ஊத்துங்க சம்பந்தி. தம்பி பண்ண தப்புக்கு அபராதமா, இன்னிக்கு முழுக்க நான் டீதான்!"

இன்னொரு சிரிப்பு. ஐஸ் கிளாஸில் தட்டும் சத்தம் இப்போது இல்லை.

வெர்னாவுக்கு மூச்சு வந்தது. ஆனாலும், ஒரு குடிகாரனின் பேராசை அல்லவா ஹாலிஸைக் காப்பாற்றியிருக்கிறது! மகளை அழ வைத்தவனை நாலு வார்த்தையாவது கேட்காமல் விடுவதா?

கொட்டகைக்குப் பின்னால், தன் வண்டியில் தனியாக உட்கார்ந்திருந்தான் டெல்மர். அவளைக் கண்டதும் எதையோ துணியால் மூடினான்.

"இன்னும் மிச்சம் இருக்கா? காட்டு!"

துணியை இழுத்தாள். மூடி போட்ட கண்ணாடி ஜாடி. விளிம்பு வரை தேன் நிறத்தில் பர்பன்.

"ஒரு சொட்டுக் குறையல அண்ணி. நாளைக்கு லேசிகிட்ட குடுத்து, விவரத்தச் சொல்லிடுங்க. பாவம், அழுதுட்டா."

"உனக்கு... அவர் சொன்னாரா?"

"அண்ணனா? சொல்லவே மாட்டான். வெள்ளிக்கிழமையானா ரெண்டு கிளாஸ் எடுத்து வெச்சு என்னைக் கூப்பிடறவன், திடீர்னு கூப்பிடறதை நிறுத்திட்டான். அதுல தெரியாதா?"

"சரி, நீயாவது இதுல கொஞ்சம் குடிச்சிருக்கலாமேடா. பழிதான் உன் மேல வந்துடுச்சே."

டெல்மர் ஜாடியை அவள் கையில் வைத்தான்.

"அவன் கூப்பிடறத நிறுத்தின அந்த வெள்ளிக்கிழமையிலேர்ந்து நானும் தொடல அண்ணி. அவன் ஒருத்தனா எப்படித் தாங்குவான்?"