கடைசி வரி

“புரியலையேம்மா.”

தையல்காரர் தாளை மேஜைமேல் வைத்தார். கடையிலிருந்து நேராக வந்திருந்தார். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது.

அவளுக்குச் சுருக்கென்றது. மருத்துவ ஆராய்ச்சிகளின் முடிவைச் சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற தமிழில் எழுதுவதுதான் அவள் வேலை. வெளியாள் ஒருவர் படித்து, ‘புரிகிறது’ என்று சொன்னால்தான் அச்சுக்குப் போகும். புற்றுநோய் மருந்து பற்றிய இந்தத் தாளைத் தையல்காரர் அவராகவே கேட்டு வாங்கியிருந்தார்.

“எந்த இடம் புரியலைங்கய்யா?”

“இதோ, இந்தக் கடைசி வரி.”

‘இந்த மருந்து நோயாளிகளின் ஆயுளை நீட்டிக்கவில்லை.’

அடித்துவிட்டு மாற்றி எழுதினாள். ‘மருந்து சாப்பிட்டவர்களும் சாப்பிடாதவர்களும் ஏறக்குறைய ஒரே காலம்தான் உயிரோடு இருந்தார்கள்.’

அவர் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

“இன்னும் கொஞ்சம் தெளிவா இருந்தா நல்லது...”

பக்கத்து மேஜைக்காரி அவள் காதோரம் குனிந்தாள். “பேசாம படம் வரைஞ்சு காட்டுடி. எங்கேருந்துதான் பிடிச்சிட்டு வர்றாங்களோ!”

அச்சகத்திலிருந்து போன் மேல் போன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதி நீட்டினாள்.

‘இந்த மருந்தால் பலன் இல்லை.’

“இதுக்கு மேல தமிழ்ல எளிமையா எழுத முடியாதுங்க. குழந்தைக்குக்கூடப் புரியும்.”

அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

“வேற மாதிரி எழுதிப் பாரேம்மா. ‘சிலருக்குக் கேட்கலாம்’னு ஏதாவது...”

“சிலருக்கும் இல்லை, பலருக்கும் இல்லை! கேக்கலைன்னா கேக்கலைதான். இதுகூடப் புரியலைன்னா எதுக்கு வந்து உட்கார்ந்து என் உயிரை வாங்கறீங்க?”

அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

தையல்காரர் எழுந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“கோவிச்சுக்காதேம்மா. முதல் தடவையே புரிஞ்சிடுச்சு.”

“அப்புறம் ஏன்...?”

“எம் பொண்ணு இந்த மருந்துதான் சாப்பிடறா. நீ மாத்தி மாத்தி எழுதறப்ப, எங்கேயாவது அவ பிழைச்சுக்கற மாதிரி ஒரு வரி வந்துடாதான்னு பார்த்தேன்.”